நாள் தள்ளிப் போச்சுன்னா, எந்த நாள்?

மெயில்ல வந்த ஒரு கேள்விதான் இந்த வார எபிசோடு. கேட்டவங்க பனித்திட்டைச் சேர்ந்தவங்க, இப்போ வேலை சென்னையில. பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ஊர் தெரியாதவங்களுக்கு: புதுச்சேரியில இருந்து கடலூர் ரோட்டுல தெற்கே வந்து, கிருமாம்பாக்கம் பக்கம் கடலைப் பார்த்துத் திரும்பினா வர்ற மீனவர் கிராமம். பாகூர் கொம்யூன்.

கேள்வி இது: "எனக்கு பீரியட் ஒரு தடவை 34 நாள்ல வரும், இன்னொரு தடவை 60 நாள் ஆகும். டெஸ்ட் கிட் கவர்ல 'நாள் தள்ளிப் போனதும் பண்ணுங்க'ன்னு போட்டிருக்கு. எனக்கு எந்த நாள் தள்ளிப் போற நாள்?"

அவசரத்துல இருக்கிறவங்களுக்காகப் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பீரியட் தேதியை விட்டுடுங்க. கடைசியா பாதுகாப்பு இல்லாம உறவு நடந்த நாள்ல இருந்து எண்ணுங்க. 21 நாள் முடிஞ்சதும் டெஸ்ட். இல்லைன்னு வந்து, பீரியடும் வரலைன்னா ஒரு வாரம் கழிச்சு மறுபடி. இவ்வளவுதான்.

ஆனா இந்தச் சின்னப் பதில் ஏன் கவர்ல முன்னாடி இல்லை? அந்தக் கேள்வி நம்மள ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போகுது.

முதல்ல நம்ம மொழியையே பாருங்க. கர்ப்பமா இருக்கிறவளை ஊர்ல எப்படிச் சொல்வாங்க? "முழுகாம இருக்கா." மாசா மாசம் விலக்கு முடிஞ்சு தலை முழுகுவா, இந்த மாசம் முழுகலை, அதனால கர்ப்பம். அதாவது, நாள் தவறுறதுதான் டெஸ்ட், டெஸ்டோட முடிவுதான் அந்தச் சொல். 'பத்து மாசம் சுமந்து பெத்தேன்'ங்கிறதுக்குப் பின்னாடியும் ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. கடைசி பீரியட்ல இருந்து எண்ணினா 280 நாள், 28 நாள் மாசமா வெச்சா சரியா பத்து. ஜெர்மனியில 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல நேகலேன்னு ஒரு மகப்பேறு மருத்துவர் பிரபலமாக்கின பிரசவத் தேதிக் கணக்கும் இதேதான். இன்னைக்கும் ஆஸ்பத்திரியில உங்க கார்டுல எழுதறது அந்தக் கணக்குதான்.

எல்லாத்துக்கும் அடியில ஒரே நம்பிக்கை: பெண்ணுக்கு 28 நாளுக்கு ஒரு தடவை பீரியட் வரும். அப்படி வராதவ அடிக்கடி 'முழுகாம' இருப்பா, கர்ப்பமாவும் இருக்க மாட்டா. கர்ப்பமா இருக்கும்போது, 'எனக்கு எப்பவும் இப்படித்தானே'ன்னு விட்டுடுவா. மொழியிலயே அவளுக்கு இடம் இல்லை.

இதை உடைக்க வேண்டிய கண்டுபிடிப்பு 1924-ல வந்தது. ஜப்பான்ல நீகாட்டா ஊர் மகப்பேறு மருத்துவர் கியூசாக்கு ஒகினோ. வேற காரணத்துக்கு வயிற்று அறுவை சிகிச்சைக்கு வர்ற பெண்களோட சினைப்பையைப் பார்த்துக் குறிச்சு வெச்சார். அவங்க முந்தின பீரியட் எப்போ, அடுத்தது எப்போ வந்ததுன்னும் குறிச்சார். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தப்போ ஒரு விஷயம் தெரிஞ்சது. முட்டை வெளியாகிற நாளுக்கும் முந்தின பீரியடுக்கும் நிலையான இடைவெளி இல்லை. அடுத்து வரப்போற பீரியடுக்குத்தான் இருக்கு, ஏறக்குறைய ரெண்டு வாரம். ஆஸ்திரியாவுல ஹெர்மன் க்னாஸ் தனியா ஆராய்ஞ்சு 1928-ல கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தார். (அதுக்கு முன்னாடி நிறைய மருத்துவர்கள் பீரியடை ஒட்டிய நாள்கள்தான் கரு தரிக்கிற நாள்கள்னு நம்பினாங்க. சுழற்சியோட நடுப்பகுதி 'பாதுகாப்பான' நாள்னு சொல்லி அனுப்பினாங்க. அந்த ஆலோசனையில எத்தனை பிள்ளைங்க பிறந்திருக்கும்னு யோசிச்சா சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு.)

இதை நம்ம நேயரோட கணக்குல போட்டுப் பாருங்க. அவங்களுக்கு 60 நாள் சுழற்சின்னா முட்டை வெளியாகிறது 46-ஆம் நாள் வாக்குல. 28 நாள் தாண்டிடுச்சேன்னு 30-ஆம் நாள் டெஸ்ட் பண்ணினா 'இல்லை'ன்னுதான் வரும், முட்டையே இன்னும் வரலை. நிம்மதியாகி, 45-ஆம் நாள் உறவு வெச்சா கர்ப்பமாகலாம். கையில பழைய 'இல்லை' இருக்கும்.

மறுபக்கம் இன்னும் மோசம். இந்தத் தடவை முட்டை 20-ஆம் நாளே வந்து கரு தங்கிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. 'எனக்கு 60 வரைக்கும் போகுமே'ன்னு காத்திருந்தா, 60-ஆம் நாள்ல கருவுக்கு 40 நாள் வயசு. மருத்துவர் கணக்குல கிட்டத்தட்ட எட்டு வாரம். குழந்தையோட தண்டுவடமா ஆகப்போற குழாய் மூடறது கரு உண்டான முதல் நாலு வாரத்துக்குள்ள. ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்கிறதும், குழந்தைக்கு ஆகாத மாத்திரைகளை மாத்துறதும் அதுக்கு முன்னாடி நடக்கணும். கர்ப்பம் வேண்டாம்னு முடிவு பண்றவங்களுக்கும் நேரம் ஓடுது. நம்ம சட்டப்படி மருத்துவர் கொடுக்கிற மாத்திரையால கருக்கலைப்பு ஒன்பது வாரம் வரைக்கும்தான். அதுக்கு மேல வேற முறை, வேற ஆஸ்பத்திரி, வேற செலவு. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அந்த 40 நாள் பெரிய நஷ்டம்.

ஒகினோவோட கண்டுபிடிப்பு வந்த அதே காலகட்டத்துல டெஸ்டும் வந்தது. 1920-களோட கடைசியில பெர்லின்ல செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் ட்சோண்டெக்னு ரெண்டு பேர், கர்ப்பிணியோட சிறுநீர்ல ஒரு ஹார்மோன் இருக்கிறதைக் காட்டினாங்க. அதைத்தான் இன்னைக்கு எச்சிஜின்னு சொல்றோம். சிறுநீரைச் சின்னப் பெண் சுண்டெலிகளுக்கு ஊசியில ஏத்தி, சில நாள் கழிச்சு எலியை அறுத்து சினைப்பையைப் பார்ப்பாங்க. மாறியிருந்தா கர்ப்பம். நாஜிகள் வந்ததும் யூதர்களான ரெண்டு பேருமே நாட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு. அமெரிக்காவுல 1931-ல எலிக்குப் பதில் முயல். 'முயல் செத்துடுச்சு'ன்னா கர்ப்பம்னு அங்கே ஒரு பேச்சு வழக்கே வந்தது. உண்மையில ரெண்டு முடிவுலயும் முயல் செத்தது, அறுத்தாத்தானே பார்க்க முடியும்? தென்னாப்பிரிக்காவுல லான்சலாட் ஹாக்பென் ஆராய்ச்சியில இருந்து தவளை டெஸ்ட் வந்தது. பெண் தவளைக்கு ஊசி போட்டா ஒரு நாளைக்குள்ள முட்டை போடும், தவளை சாகாது, திரும்பப் பயன்படுத்தலாம். 1947-ல அர்ஜென்டினாவுல காலி மைனினி ஆண் தேரையை வெச்சே பண்ணலாம்னு காட்டினார், சில மணி நேரத்துல முடிவு. இந்தியாவுல ஆய்வகங்களுக்கு இது ரொம்ப வசதி. மழை பெய்ஞ்சா நம்ம வீட்டு வாசல்லயே உக்காந்திருக்குமே, அந்தத் தேரைதான் வேலைக்கு வந்தது.

ஆனா இதெல்லாம் ஆய்வகம் இருக்கிற ஊருக்கு. மருத்துவர் கேட்டா, காசு இருந்தா, எலியோ தேரையோ கையில இருந்தா. ஒரு மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கு மருத்துவச்சி நாடி பிடிச்சுப் பார்க்கிறதும், மசக்கை வருதான்னு காத்திருக்கிறதும்தான் வழி. அந்த இடைவெளியிலதான் ஒரு மாத்திரை நுழைஞ்சது. இந்த எபிசோடுல நான் அதிக நேரம் நிக்க விரும்புறது இங்கேதான்.

1950-கள்ல இருந்து உலகம் முழுக்க ஒரு புது 'டெஸ்ட்' பரவிச்சு. எலி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ரெண்டும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடுங்க. சில நாள்ல ரத்தம் வந்தா கர்ப்பம் இல்லை. வரலைன்னா கர்ப்பம். யோசிச்சுப் பாருங்க: ஒருத்தி கர்ப்பமா இருக்காளான்னு தெரிஞ்சுக்க, அவளுக்கும் வயித்துல இருக்கலாம்னு சந்தேகப்படற கருவுக்கும் சேர்த்து ஹார்மோன் கொடுக்கிறாங்க. இங்கிலாந்துல அதோட பேர் பிரைமோடாஸ், ஜெர்மனியில டுவோஜினான்.

1967-ல இசபெல் கால்ங்கிற குழந்தை மருத்துவர், முதுகுத்தண்டு சரியா மூடாமப் பிறந்த குழந்தைகளோட அம்மாக்கள் நிறைய பேர் இந்த மாத்திரை சாப்பிட்டிருக்காங்கன்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினார். மாத்திரைதான் காரணமான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓயலை. 2017-ல இங்கிலாந்து அரசோட நிபுணர் குழு, காரணம்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னு சொன்னது. 2020-ல கம்பர்லெஜ் அறிக்கை வேற கோணத்துல பேசினது: 1967-லயே சந்தேகம் எழுந்தாச்சு, வேற பாதுகாப்பான டெஸ்ட் அப்பவே இருந்தது, பின்ன ஏன் நிறுத்தலை? என்னைக் கேட்டா ரெண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. ஆபத்து இருக்குன்னு நிரூபிக்க வேண்டியது வயித்துப் பிள்ளைக்காரியோட வேலை இல்லையே.

இந்தியாவுல இந்த வகை மாத்திரைகளையும் ஊசிகளையும் சுருக்கமா 'ஈபி மருந்துகள்'னு சொன்னாங்க. காகிதத்துல அது எதுக்கான மருந்து? கர்ப்ப டெஸ்டுக்குன்னு இல்லை. பீரியட் வராம நின்னுபோன கோளாறுக்கு. அந்த வார்த்தையில யார் யார் அடங்குறாங்கன்னு பாருங்க. கர்ப்பமா இருக்கிறவளுக்கும் பீரியட் வரலை. ஒழுங்கில்லாத சுழற்சி உள்ளவளுக்கும் வரலை. மெடிக்கல் ஷாப்ல போய் "நாள் தள்ளிப் போச்சு"ன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. ஒழுங்கில்லாதவளுக்கு ரத்தம் வந்துடும், மருந்து வேலை செஞ்சுதுன்னு நினைப்பா. ஆனா அந்த ரத்தம் மாத்திரை நின்னதால வந்தது, கோளாறு அப்படியே இருக்கும். கர்ப்பமானவளுக்கு வராது. 'டோஸ் பத்தலை'ன்னு இன்னும் வாங்குவா, கலைஞ்சுடும்னு நம்பி. பெரும்பாலும் கலையாது. கரு தொடரும், அதோட மிக முக்கியமான வாரங்கள்ல ஹார்மோனும் உள்ளே போயிட்டே இருக்கும்.

1982 ஜூன்ல மத்திய அரசு இதைத் தடை பண்ண உத்தரவு போட்டது. தயாரிப்பு நிறுவனங்கள் கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்களுக்குப் போய் தடைக்கே தடை வாங்கினாங்க. விற்பனை நடந்துட்டே இருந்தது. பெண்கள் அமைப்புகளும் மக்கள் சுகாதாரக் குழுக்களும் விடலை. டெல்லியில சஹேலி, நாடு முழுக்க அகில இந்திய மருந்து நடவடிக்கை வலைப்பின்னல், மெடிகோ ஃபிரெண்ட் சர்க்கிள் இவங்க எல்லாம் சேர்ந்து தள்ளினாங்க. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1987-ல டிரக்ஸ் கன்ட்ரோலர் பொது விசாரணை நடத்த வேண்டி வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, நம்ம மெட்ராஸ். ஒரு மருந்தைப் பத்தி பொதுமக்கள் வந்து பேசலாம்ங்கிறது அன்னைக்குப் புதுசு. 1988-ல தடை வந்தது. 1989 ஆகஸ்ட்ல வந்த அறிவிக்கையில, கருத்தடை மாத்திரை நீங்கலா, குறிப்பிட்ட அளவுக்கு மேல இந்த ரெண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைகளும், ரெண்டும் சேர்ந்த செயற்கை ஹார்மோன் ஊசிகளும் தடைப் பட்டியல்ல இருந்தது.

முதல் உத்தரவுக்கும் தடைக்கும் நடுவுல ஆறு வருஷம். வேற டெஸ்ட் இல்லாத காலமா அது? இல்லை. 1960-லயே ஸ்வீடன்ல லீஃப் வீடேயும் கார்ல் ஜெம்ஸெலும் விலங்கே இல்லாம, ரத்த அணுக்களையும் எதிரணுக்களையும் வெச்சு சிறுநீர்லயே எச்சிஜியைக் கண்டுபிடிக்கிற முறையைக் கொண்டு வந்துட்டாங்க. அதுல ஒரு குறை இருந்தது. முட்டையை வெளியேத்தற எல்எச்னு இன்னொரு ஹார்மோன் இருக்கு, எச்சிஜிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். அந்தக் கால டெஸ்ட்களால ரெண்டையும் சரியாப் பிரிக்க முடியலை. பிசிஓடி உள்ள நிறைய பேருக்கு எல்எச் கூடுதலா இருக்கும். ஆக, நாள் கணக்கு தப்புறவங்களுக்கே டெஸ்டும் குழப்பம். அமெரிக்காவுல ஜூடித் வைடுகைடிஸ் குழு 1972-ல எச்சிஜியோட 'பீட்டா' பாகத்தை மட்டும் தனியா அடையாளம் காண்ற முறையை வெளியிட்டது. உங்க லேப் ரிப்போர்ட்ல 'பீட்டா எச்சிஜி'ன்னு வர்றது அதுதான்.

அந்த டெஸ்டை ஆய்வகத்துல இருந்து பாத்ரூமுக்குக் கொண்டு வந்தது ஒரு விஞ்ஞானி இல்லை, டிசைனர். 1967-ல நியூஜெர்சியில ஆர்கனான் மருந்து நிறுவனத்துல அழகு சாதனப் பொருள்களுக்கு டிசைன் பண்ண வந்தவங்க மார்கரெட் கிரேன். ஆய்வகத்துல வரிசையா நிக்கிற சோதனைக் குழாய்களையும் அடியில இருக்கிற கண்ணாடியையும் பார்த்து, 'இதை ஒரு பெண் வீட்லயே பண்ணிக்கலாமே'ன்னு கேட்டாங்க. மேசை மேல கிளிப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒண்ணுல மாதிரி செஞ்சாங்க. நிறுவனத்துக்குள்ள எதிர்ப்பு: டாக்டர்கள் என்ன நினைப்பாங்க, பெண்களால ஒழுங்கா பண்ண முடியுமா. கடைசியில கனடாவுல 1971-ல கடைக்கு வந்தது. காப்புரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தாங்க, அந்த ஒரு டாலரும் கைக்கு வரலைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. 1988-ல இங்கிலாந்துல கோடு தெரியற ஒரே படி டெஸ்ட். நம்ம நாட்டுல 2008 வாக்குல அரசே 'நிஸ்சய்'ங்கிற பேர்ல கிராமங்களுக்குக் கிட் அனுப்ப ஆரம்பிச்சது.

சரி, இப்போ அந்த 21 எங்கே இருந்து வருது? ஆணோட விந்தணு உள்ளே அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கலாம். அதனால முட்டையைச் சந்திக்கிறது உறவுக்கு அஞ்சு நாள் கழிச்சும் நடக்கலாம். அப்புறம் கரு கர்ப்பப்பையில ஒட்ட ஆறுல இருந்து பன்னிரண்டு நாள். ஒட்டின பிறகுதான் எச்சிஜி ரத்தத்துல ஏறும், ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். எல்லாத்துலயும் தாமதமான பக்கத்தையே எடுத்துக் கூட்டினா மூணு வாரம் ஆகுது. கவனிச்சீங்களா, இதுல பீரியட் தேதி எங்கேயுமே வரலை. ஒகினோ நூறு வருஷம் முன்னாடி காட்டின வழிதான் இது.

உறவு ஒரு தடவை இல்லை, அடிக்கடின்னா? இன்னைக்கே ஒரு டெஸ்ட் பண்ணுங்க, பழசு ஏதாவது இருந்தா தெரிஞ்சுடும். கடைசி நாள்ல இருந்து 21 நாள் கழிச்சு இன்னொண்ணு. காலையில முதல் சிறுநீர், அதுக்கு முன்னாடி தண்ணி நிறைய குடிக்காம. கிட்ல சொன்ன நிமிஷத்துக்குள்ள பாருங்க. மறந்துபோய் மத்தியானம் எடுத்துப் பார்த்தா தெரியற மங்கல் கோட்டை நம்ப வேண்டாம். சரியான நேரத்துல மங்கலா ரெண்டாவது கோடு தெரிஞ்சா அதை 'ஆமா'ன்னே எடுத்துக்கோங்க, ரெண்டு நாள் கழிச்சு உறுதிப்படுத்துங்க. குழந்தைக்காக சிகிச்சையில இருந்து எச்சிஜி ஊசி போட்டிருந்தா, ரெண்டு வாரம் வரைக்கும் அந்த ஊசியே கோடு காட்டலாம். லேசா ரத்தம் பட்டதுங்கிறதை மட்டும் வெச்சு பீரியட் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு பக்க அடிவயிறு கடுமையா வலிச்சா, தலை சுத்தினா, எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரி. கரு குழாய்ல தங்கியிருக்கலாம்.

"பீரியட் வர மாத்திரை கொடுங்க"ன்னு கடையில கேக்கறவங்க இன்னைக்கும் இருக்காங்க. இப்போ கிடைக்கிறது வேற மருந்து, ஈபி இல்லை. ஆனா வரிசை முக்கியம்: முதல்ல டெஸ்ட், 21 நாள் கணக்குப்படி, அப்புறம் டாக்டர், அப்புறம்தான் மாத்திரை. ரெண்டு தடவையும் 'இல்லை'ன்னு வந்து பீரியட் மூணு மாசமா வரலைன்னா, கர்ப்பத்தை மறந்துட்டு தைராய்டு, பிசிஓடி பக்கம் பார்க்க வேண்டிய நேரம்.

நேயர் கடைசியா ஒரு வரி சேர்த்திருந்தாங்க: ஊர்ல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிறவருக்கு அப்பாவைத் தெரியும், லீவுக்குப் போனப்போ வாங்க முடியலை. நம்மில் பல பேருக்கு இதுதான் நிஜமான தடை. சென்னையில இருக்கும்போதே ரெண்டு கிட் வாங்கி பையில வெச்சுக்கோங்க, காலாவதி தேதி பார்த்து. கருக்கலைப்புக்குப் போனாலும், உங்க பேரை வெளியே சொல்லக் கூடாதுன்னு சட்டமே மருத்துவரைக் கட்டுப்படுத்துது. கல்யாணம் ஆகலைங்கிறதைக் காரணமா வெச்சுப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர்ல தெளிவாச் சொல்லியிருக்கு.

'ஆமா'ன்னு வந்தா டாக்டர் கேக்கிற முதல் கேள்வி, "கடைசி பீரியட் எப்போ?" அங்கே மட்டும் அந்தப் பழைய கணக்கு திரும்ப வந்து நிக்கும். தேதியைச் சொல்லுங்க, கூடவே "எனக்கு 34-ல இருந்து 60 வரைக்கும் போகும்"னும் சொல்லுங்க. 1973-ல கிளாஸ்கோவுல ஹ்யூ ராபின்சன், கருவோட தலையில இருந்து பிட்டம் வரைக்கும் ஸ்கேன்ல அளந்து வயசைச் சொல்லலாம்னு காட்டினார். முதல் மூணு மாசத்துல எடுக்கிற அந்த அளவு சில நாள் வித்தியாசத்துக்குள்ள சரியா இருக்கும். நாள் கணக்கு தப்புறவங்களுக்கு கார்டுல எழுத வேண்டிய தேதி அதுதான். எழுதலைன்னா கேட்டு எழுத வையுங்க.